வீடு ஒழுகினால் வாடகையை நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியில் கலெக்டர் ஆபீஸுக்கு வருகிறவர்களுக்கு மனு தட்டச்சு செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வாடகை அக்ரிமென்ட்டும் அடிப்போம். அதனால் வீட்டு விஷயத்தில் இரண்டு பக்கத்தையும் பார்க்கிற இடத்தில் இருக்கிறேன். குடிவரும்போது ஓனரும் குடித்தனக்காரரும் சேர்ந்தே வருவார்கள், டீக்கு ஒருவர் காசு கொடுக்கப் போனால் இன்னொருவர் விடமாட்டார். ஐப்பசியில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் போதும், அதே குடித்தனக்காரர் தனியாக வந்து "ஒரு மனு அடிக்கணுங்க" என்று நிற்பார். தளம் ஒழுகுகிறது, சுவரெல்லாம் ஊறி உப்புப் பூத்துவிட்டது, கக்கூஸ் தண்ணி ரிவர்ஸ் ஆகிறது, ஓனர் போனை எடுக்கவே இல்லை. இதுதான் பெரும்பாலும் கதை.

அப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஓனருக்கு இதை எழுதிக் கொடுத்தீங்களா?" என்பதுதான். இல்லை என்பார்கள். அடுத்து, "வாடகை ஒழுங்கா கட்டிட்டு வர்றீங்களா?" என்பேன். அங்கேதான் பலருக்குக் குரல் இறங்கும். "எதுக்குங்க கட்டணும், அவரு செஞ்சு குடுக்கட்டும், அப்புறம் கட்டறேன்" என்பார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு காரியத்தால் நியாயம் முழுக்க ஓனர் பக்கம் போய்விடுகிறது. இதைப் பலருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தக் காகிதங்களோடுதான் தினமும் இருக்கிறேன்.

ஓசூர் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். கணவர் சிப்காட்டில் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். மாடியில் ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு கிச்சன். பக்கத்துப் போர்ஷன் பாத்ரூமும் இவர்கள் பெட்ரூமும் ஒரே சுவர். அந்தச் சுவருக்குள் போகிற பைப்பில் எங்கோ கசிவு. முதலில் கீழ்ச்சுவரில் ஒரு முழம் உயரத்துக்கு ஈரம் தெரிந்தது, பிறகு பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்தது, அப்புறம் ஈரம் சுவிட்ச் போர்டு வரைக்கும் ஏறிவிட்டது. ஃபேன் சுவிட்சைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று இழுக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு. ஓனர் வந்து பார்த்துவிட்டு, "நீங்க வீடு தொடைக்கும்போது தண்ணி அதிகமா ஊத்துறீங்க" என்று சொல்லிப் போய்விட்டார். பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். இவர்கள் வாடகையை நிறுத்தினார்கள். மூன்றாவது மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதில் சுவரைப் பற்றியோ பைப்பைப் பற்றியோ ஒரு வரி இல்லை, வாடகை பாக்கி, வீட்டைக் காலி செய்யவும் என்று மட்டும் இருந்தது. இவர்கள் கையில் சுவர் ஊறியதைச் சொல்லும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, எல்லாம் போனில் பேசியது. பார்க்கிற அதிகாரிக்கு ஒரு பக்கம் பாக்கிக் கணக்கு இருக்கிறது, இன்னொரு பக்கம் வெறும் வாய் வார்த்தை இருக்கிறது. அவர் எதை எடுத்துக்கொள்வார்?

இப்போது தமிழ்நாட்டில் வாடகை விவகாரத்துக்கு நடைமுறையில் இருப்பது 2017-ல் போட்ட சட்டம். 22-2-2019 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன்னால் இருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது, ஆனாலும் டீக்கடைப் பேச்சில் இன்னும் அந்தப் பழைய சட்டம்தான் உயிரோடு இருக்கிறது. "இத்தனை வருஷம் குடியிருந்தா யாரும் காலி பண்ண முடியாது" என்று இன்றைக்கும் ஒருவர் மற்றவருக்கு தைரியம் சொல்கிறார். அந்தப் பேச்சை நம்பி உட்கார்ந்தால் கஷ்டம்தான். புதிய சட்டத்தில் இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தாலே வீட்டைத் திரும்பக் கேட்க ஓனருக்கு அது ஒரு காரணம்.

அதே சட்டம் குடியிருப்பவருக்கும் கை கொடுக்கிறது. வீடு குடிவந்தபோது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே வைத்திருக்க, சாதாரணத் தேய்மானம் போக, இருவருக்குமே கடமை உண்டு என்று 15-வது பிரிவு சொல்கிறது. யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று கடைசியில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு வாடகை வீட்டிலும் காலண்டர் பக்கத்தில் மாட்டி வைக்கலாம். கட்டடத்தின் கட்டுமானம் சார்ந்த ரிப்பேர், அதாவது தளம், சுவர், தூண் விரிசல் எல்லாம் ஓனருடையது (குடியிருப்பவர் உடைத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு). சுண்ணாம்பு அடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய் லைனை மாற்றுவது, உள்ளும் வெளியும் கரன்ட் ஒயரிங், இவையும் ஓனருடையவைதான். குழாயின் வாஷர், குழாய், சாக்கடை அடைப்பு, வாஷ்பேசின், கக்கூஸ் கோப்பை ரிப்பேர், சுவிட்ச், ப்ளக் பாயின்ட், கதவுப் பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை இவை குடியிருப்பவர் பொறுப்பு. அந்த ஓசூர் வீட்டையே எடுத்துக்கொண்டால், சுவிட்ச் உடைந்து போயிருந்தால் அவர்கள் செலவு. சுவருக்குள் பைப் கசிந்து ஒயரிங் ஊறினால் அது சந்தேகமே இல்லாமல் ஓனர் செலவு. இது தெரிந்திருந்தால் "தண்ணி அதிகமா ஊத்துறீங்க" என்ற பேச்சுக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம்.

ஓனர் செய்து தரவில்லை என்றால் என்ன வழி? சட்டம் காட்டும் வழிகளில் மிகவும் முக்கியமானவை, ஓனருக்கு எழுத்தில் சொல்லிவிட்டோமா என்பதில்தான் நிற்கின்றன. அதனால் கடிதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது நீளமாக இருக்க வேண்டியதில்லை. திட்ட வேண்டியதும் இல்லை. சிலர் மூன்று பக்கத்துக்கு ஓனருடைய குணாதிசயத்தையே எழுதச் சொல்வார்கள், நான் அதையெல்லாம் வெட்டிவிடுவேன். எங்கள் கடையில் அடிப்பது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"ஐயா, தங்களுக்குச் சொந்தமான இன்ன கதவு எண் வீட்டில் இன்ன தேதி முதல் மாதம் இவ்வளவு ரூபாய் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். இன்ன தேதி பெய்த மழையிலிருந்து சமையலறைத் தளம் ஒழுகுகிறது. அடுப்புக்கு மேலே சுமார் இரண்டடிக்குப் பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. இன்ன தேதியில் நேரிலும், இன்ன தேதியில் வாட்ஸ்அப்பிலும் தங்களுக்குத் தெரிவித்தேன். இது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி வீட்டு உரிமையாளர் செய்து தர வேண்டிய வேலை. இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் சரிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வாடகையைத் தவறாமல் செலுத்தி வருகிறேன். போட்டோக்கள் இணைத்துள்ளேன்."

அவ்வளவுதான். இரண்டு காப்பி எடுத்து ஒன்றில் ஓனரிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். போடமாட்டேன் என்றால் சண்டை வேண்டாம், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் அதே கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். "வாடகையைத் தவறாமல் செலுத்தி வருகிறேன்" என்ற வரியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள், அது உண்மையாகவும் இருக்க வேண்டும். கையில் காசாகக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் இந்த மாதத்திலிருந்து ஜிபே-யிலோ பேங்கிலோ போடுங்கள். ஓனர் வாங்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் வாடகையை வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி வாடகை விவகாரங்களைப் பார்க்க அரசு வைத்திருக்கும் அதிகாரி) கட்டவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

கடிதம் போய்விட்டது, ஓனர் அசையவில்லை, அப்புறம்? சின்ன வேலை என்றால் நீங்களே ஆளை வைத்துச் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் இஷ்டத்துக்குக் கழிக்க முடியாது. எந்த ஒரு மாதத்திலும் கழிக்கும் தொகை ஒப்புக்கொண்ட ஒரு மாத வாடகையில் பாதியைத் தாண்டக்கூடாது. 7,000 ரூபாய் வாடகை என்றால் 3,500-க்குள் முடிகிற பிளம்பர் வேலைக்கு, ஒயரிங் வேலைக்கு இது சரிவரும். பில் வாங்குங்கள். நம் ஊரில் பிளம்பர் பில் தரமாட்டார், அதனால் ஒரு வெள்ளைத்தாளில் என்ன வேலை, எவ்வளவு கூலி, என்ன சாமான் என்று எழுதிக் கையெழுத்தாவது வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் பில் தருவார்கள். வேலைக்கு முன்னாலும் பின்னாலும் போட்டோ எடுங்கள். ஓனர் தன் பங்கு ரிப்பேரைச் செய்யாவிட்டால் குடியிருப்பவர் செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம் என்பது புதிதாக வந்த விஷயமும் இல்லை, 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவிலேயே இருக்கிறது. அங்கும் முதலில் அறிவிப்பு, அதற்கு நியாயமான கால அவகாசம், பிறகுதான் ரிப்பேர்.

தளம் ஒழுகுவதற்கு இந்த வழி உதவாது. தளம் ஏன் ஒழுகுகிறது என்று பார்த்தால் அது தெரியும். மொட்டை மாடியில் பதித்த தட்டோட்டுக்கு நடுவில் பாயின்டிங் போய்விட்டால் தண்ணீர் இறங்கி கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் உப்பும், உப்பிய கம்பி கீழே இருக்கும் சிமென்ட்டைத் தள்ளும், அதுதான் பாளம் பாளமாக விழுகிறது. கீழேயிருந்து பட்டி வைத்து பெயின்ட் அடித்தால் ஒரு மழை வரைக்கும் மறைந்திருக்கும், உள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மேலே தட்டோடு பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும், கம்பியைச் சுத்தம் செய்து பூச வேண்டும். இது வாடகையில் கழித்துச் செய்கிற வேலை கிடையாது, குடியிருப்பவர் செய்யவும் கூடாது. (வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: சீலிங்கில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் பளிச்சென்று தெரிந்தால் அங்கே என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.)

இப்படிப்பட்ட வீட்டுக்கு, அதாவது ரிப்பேர் செய்யாமல் குடியிருக்கவே முடியாது என்ற நிலையில் இருக்கும் வீட்டுக்கு, சட்டம் வேறு வழி சொல்கிறது. எழுத்தில் கேட்டும் ஓனர் மறுத்தால், பதினைந்து நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டை விட்டுப் போய்விடலாம். அக்ரிமென்ட்டில் பதினொரு மாதம் என்று இருந்தாலும், "முன்னாடியே காலி பண்ணா ரெண்டு மாச வாடகை பிடிப்பேன்" என்று எழுதியிருந்தாலும், குடியிருக்க லாயக்கில்லாத வீட்டில் மாட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியதை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த மாதிரி வெள்ளத்திலோ புயலிலோ தீயிலோ வீட்டின் முக்கியமான பகுதி இனி எப்போதுமே பயன்படாது என்கிற அளவுக்குப் போய்விட்டால், வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது குடியிருப்பவரின் விருப்பம் என்று அந்த 1882 சட்டமே சொல்கிறது. அங்கே ஓனர் மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே வராது.

கரன்ட் ஷாக் அடிக்கிற வீட்டுக்கு மட்டும் இந்தப் பதினைந்து நாள் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். கடிதம் எழுதுங்கள், ஆனால் அதற்கு முன்னால் அந்த அறையின் எம்.சி.பி.யை (கரன்ட் போர்டில் தானாக விழுகிற பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கி வையுங்கள். எம்.சி.பி. லோடு அதிகமானால், ஷார்ட் ஆனால் விழும், மனிதன் உடம்பு வழியாகப் போகும் சின்னக் கசிவுக்கு அது விழாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை வைத்துத் தரும்படி ஓனரிடம் கேளுங்கள். மீட்டர் பாக்ஸ் பக்கமே ஷாக் என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு எந்த நேரத்திலும் சொல்லலாம்.

கடிதம் எழுதினால் ஓனர் தண்ணியை நிறுத்திவிடுவார், மோட்டார் ரூமைப் பூட்டிவிடுவார் என்ற பயம் எனக்குத் தெரியும். நடக்கிறது. ஆனால் சட்டத்தின் 20-வது பிரிவு அதைத்தான் தடை செய்கிறது. தண்ணீர், கரன்ட், படிக்கட்டு விளக்கு, துப்புரவு மாதிரியான அத்தியாவசிய வசதிகளை யாரும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், விசாரணை முடிவதற்கு முன்பே உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போட முடியும். அதேபோல, வீட்டைப் பார்க்கிறேன் என்று ஓனர் நினைத்த நேரத்தில் உள்ளே வர முடியாது. 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், காலை 7 முதல் இரவு 8 மணிக்குள்தான் வரலாம். தனியாக இருக்கும் பெண்களும், ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணியில் ஃப்ளோரைடு பிரச்சினை காலம் காலமாக இருக்கிறது, பற்களில் கறை படிந்த பிள்ளைகளை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஆனால் பல வாடகை வீடுகளில் மேல்நிலைத் தொட்டிக்கு வருவது போர் தண்ணி மட்டும்தான், ஒகேனக்கல் குழாய் ஓனர் வீட்டு வாசலோடு நின்றுவிடும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஃப்ளோரைடு கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். வீடு பேசும்போதே குடிக்க எந்தத் தண்ணீர், எத்தனை நாளைக்கு ஒரு முறை, எங்கே பிடித்துக்கொள்வது என்று கேட்டு அக்ரிமென்ட்டில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். அந்த வரிக்கு நாங்கள் தனியாகக் காசு வாங்குவதில்லை.

அக்ரிமென்ட் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. இங்கே அடிக்கப்படும் அக்ரிமென்ட்டில் பெரும்பாலானவை யாரோ எப்போதோ எழுதியதைப் பார்த்துப் பார்த்துக் காப்பி அடித்தவை. "வீட்டில் ஏற்படும் அனைத்துப் பழுதுகளையும் குடியிருப்பவரே தன் சொந்தச் செலவில் சரிசெய்துகொள்ள வேண்டும்" என்று ஒரு வரி அதில் வரும். அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு "ரிப்பேர் பொறுப்பு 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி" என்று போடச் சொல்லுங்கள், எந்த ஓனரும் இதற்காக வீடு தரமாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அப்புறம் குடிவருகிற அன்றைக்கே எல்லா அறையையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "குடிவந்தபோது இருந்த நிலை" என்பதுதான் சட்டத்தின் அளவுகோல் என்றால், அந்த நிலை எப்படி இருந்தது என்று பிறகு எப்படிக் காட்டுவீர்கள்?

அக்ரிமென்ட்டே இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை. பழையபேட்டை பக்கத்து லைன் வீடுகளிலும், ஓசூரில் வட மாநிலத் தொழிலாளர்கள் ஒரு ரூமில் ஆறேழு பேராகத் தங்கும் இடங்களிலும் காகிதம் என்ற பேச்சே கிடையாது. புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும், அரசு இதற்கு இணையதளமே வைத்திருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதே வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாக 21-வது பிரிவில் இருக்கிறது. ஒழுகுகிறது என்று மனுப் போட்டவரைத் திருப்பி அடிக்க இந்தப் பிரிவு போதும். அதனால் ரிப்பேர் பேச்சை எடுப்பதற்கு முன்பே, உறவு நன்றாக இருக்கும்போதே, அக்ரிமென்ட்டை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். வாடகை வருமானம் கணக்கில் வந்துவிடும் என்று ஓனர்கள் தயங்குவது தெரியும். ஆனால் பதிவு இல்லாத ஒப்பந்தத்தை அவர்களும் சாட்சியமாகக் காட்ட முடியாது, நாளைக்கு ஒருவர் வாடகை தராமல் உட்கார்ந்துகொண்டால் அவதிப்படப் போவது ஓனர்தான்.

ஓனர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து நான் எழுதவில்லை. ரிட்டயர் ஆன பணத்தில் மாடி கட்டி அந்த வாடகையில் மருந்து வாங்குகிறவர்கள் என் கடைக்கு வருகிறார்கள். சிங்கில் எலும்பையும் சோற்றையும் கொட்டி அடைத்துவிட்டு ஓனரைக் கூப்பிடும் குடித்தனக்காரர்களும் இருக்கிறார்கள். அந்த அட்டவணையில் அதற்கும் பதில் இருக்கிறது, அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் வேலை.

மோசமான வீட்டிலேயே மக்கள் இருந்துவிடுவதற்கு இன்னொரு காரணம் அட்வான்ஸ். போனால் பணம் திரும்பி வராது என்று பயம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்பது சட்டம். ஓசூரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறவர்கள் அதை அக்ரிமென்ட்டிலேயே எழுதிவிடுகிறார்கள், பேரம் பேச வேண்டிய இடம் அங்கேதான். காலி செய்து சாவியைக் கொடுத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். எந்தத் தேதி சாவி ஒப்படைத்தோம், கரன்ட் மீட்டர் ரீடிங் என்ன, எந்தச் சுவர் எப்படி இருந்தது என்று எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்குங்கள், அல்லது அன்றைக்கே போட்டோவோடு வாட்ஸ்அப் போடுங்கள். ஒரு மாதக் கணக்கு அந்தத் தேதியில்தான் தொடங்கும்.

லீஸுக்கு இருப்பவர்கள் நிலைமை இன்னும் சிக்கல். பெங்களூர் வழக்கம் ஓசூருக்கும் வந்து லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருக்கிறார்கள். மாத வாடகையே இல்லாதபோது ரிப்பேர் செலவை எதில் கழிப்பது? பெரிய தொகை ஓனரிடம் இருப்பதால் சுவர் ஊறினாலும் தளம் விழுந்தாலும் வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள். லீஸுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டின் மேல் பேங்க் கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள், ரிப்பேர் யார் செலவு என்பதை லீஸ் பத்திரத்தில் தொகையோடு எழுதிக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவைப் பாருங்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வெள்ளம் மாதிரிப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், இவர்களோடு தொழிற்சாலைத் தொழிலாளர்களும் அதில் இருக்கிறார்கள். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்து வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தொழிலாளி இலவச வக்கீல் கேட்கத் தகுதியுள்ளவர். கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது 15100-க்கு போன் செய்யலாம், கட்டணம் கிடையாது. கணவர் ஷிப்டில் இருந்தால் மனைவி பெயரிலேயே மனு கொடுக்கலாம், வருமானச் சான்று கேட்கமாட்டார்கள், பெண் என்ற தகுதியே போதும்.

கடைசியாக நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வீட்டுப் பிரச்சினையோடு வருகிற பலருக்கும் வாடகை அதிகாரி என்று ஒருவர் இருப்பதே தெரியாது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் அந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்றால் யாரைத் தேடுவது, எந்த அறைக்குப் போவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மனுவை "மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு" என்று பொதுவாக எழுதிக் கொடுத்துவிட்டு அது சுற்றி வருகிற வரைக்கும் காத்திருக்கிறார்கள், அதற்குள் அடுத்த மழையும் வந்துவிடுகிறது. கலெக்டர் ஆபீஸ் வாசலிலும், ஓசூர் மாநகராட்சி, கிருஷ்ணகிரி நகராட்சி அலுவலகங்களிலும், எல்லா இ-சேவை மையங்களிலும் வாடகை அதிகாரியின் பதவி, அறை எண், மனு வாங்கும் நேரம் போட்ட ஒரு பலகையும், அதற்குக் கீழே இரண்டாம் அட்டவணையைப் பெரிய எழுத்தில் தமிழிலும், ஓசூர் சிப்காட் பகுதியில் இந்தியிலும் ஒட்டி வைக்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இதைச் செய்தால் நல்லது. உங்கள் பத்திரிகையும் அந்த அட்டவணையை ஒரு நாள் முழுசாக அச்சிட்டால் வெட்டி எடுத்து என் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்வேன், மனு எழுத வருகிறவர்களுக்கு ஜெராக்ஸ் போட்டும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
மனு மற்றும் வாடகை ஒப்பந்தத் தட்டச்சர்,
கிருஷ்ணகிரி.